கண் தெரியாத கலெக்டர்

சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரியின் கண் வார்டில் இருபத்தாறு வருஷமாகக் கம்பவுண்டராகக் காலம் தள்ளியவர் கிருபானந்தம். காலையில் டார்ச் விளக்கை எடுத்தாரென்றால் மத்தியானத்துக்குள் நூறு பேர் கண்ணையாவது பார்த்துவிடுவார். அப்படிப்பட்டவரிடம், அவர் வீட்டுப் பூனைக்குப் பார்வை போய்விட்டது என்று எடுத்துச் சொன்னவள் பால் ஊற்றும் கங்கம்மா.

"ஏன் கம்பவுண்டர் சார், உங்க பூனைக்குக் கண்ணு பூட்ச்சே, பாக்கலியா?"

"வயசாயிடுச்சு கங்கம்மா. அதான் கொஞ்சம் தடுமாறுது."

"உனக்குந்தான் வயசாவுது. நீ இன்னா செவுத்துல மூஞ்சிய இட்ச்சிக்கினா போற? ரெண்டு நாளா பாத்துக்கினு இருக்கிறேன். பால் ஊத்துற சத்தத்துக்குத் தலயத் திருப்புது. கைய நீட்டினா தெரியல அதுக்கு."

கிருபானந்தம் போன வாரம்தான் குளியலறைக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்து, குந்தி உட்கார்ந்து, பூனையின் முகத்துக்கு நேரே அடித்தார். இரண்டு கண்ணிலும் பாப்பா நாவல்பழம் மாதிரி விரிந்தபடியே இருந்தது. வெளிச்சம் பட்டதும் சுருங்க வேண்டியது, சுருங்கவே இல்லை. ஒரு மாதமாக அப்படித்தான் விரிந்திருந்தது. "எவ்வளவு அழகா முழிக்குது பாரேன்" என்று மனைவி லோயிஸைக் கூப்பிட்டுக் காட்டி ரசித்தவரும் அவரேதான்.

டார்ச்சை அணைத்தார். எழுந்திருக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கங்கம்மா போகும்வரை, வேண்டுமென்றே உட்கார்ந்திருப்பவர் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பூனைக்குக் கலெக்டர் என்று பேர். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைநாளில், சாம்பல் திட்டுப் போட்ட வெள்ளைக் குட்டியாக வந்து சேர்ந்தது. வளர்ந்த பிறகு வீட்டில் தங்கவே இல்லை. விடிந்ததும் புறப்பட்டு, அவர்கள் குடியிருந்த ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் இருந்த பதினோரு குவார்ட்டர்ஸையும் ஒவ்வொன்றாகச் சோதனை போடும். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் கருவாடு வந்திருக்கிறதா என்று பார்க்கும். மதில் மேல் உட்கார்ந்து, பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் ஏற்றிக்கொண்டு போகும் லாரிகளைக் கணக்கெடுக்கும். ராத்திரிக்குத்தான் ஹெட்குவார்ட்டர்ஸ் திரும்பும். யாராவது பூனை எங்கே என்று கேட்டால், "கலெக்டரம்மா கேம்ப் போயிருக்காங்க" என்பார் கிருபானந்தம். ஜில்லாவின் தலைநகரத்தில் இருந்துகொண்டு, கலெக்டரை நினைத்த நேரத்தில் பார்க்க முடிந்த ஒரே குடிமகன் தான்தான் என்றும் சொல்லிக்கொள்வார். இந்த ஜோக்கை எட்டு வருஷமாகச் சொல்கிறார். எல்லாரும் சிரிப்பதை விட்டே ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

இப்போது கலெக்டருக்குக் கேம்ப் இல்லை. சமையலறை மூலையில், அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. ஏதாவது பாத்திரம் விழுந்தால் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அந்தப் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, பூனையை மூடி போட்ட மூங்கில் கூடையில் வைத்துத் திருப்பதிக்குப் பஸ் ஏறினார் கிருபானந்தம். அங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும் பார்க்கிற பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி. பஸ் நிறைய மலைக்குப் போகிற ஜனம். கோவிந்தா என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வதற்குள் கூடைக்குள்ளிருந்து ஒரு நீண்ட ஊளை புறப்பட்டது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"ஏமண்டி, புட்டலோ கோடியா?"

"கோடி காது. பில்லி" என்றார் கிருபானந்தம்.

கூடையில் இருப்பது கோழி இல்லை, பூனை என்றதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "பில்லிக்கி கூட குண்டு கொட்டிஸ்தாரா?" என்று கேட்டார் கண்டக்டர். பூனைக்கும் மொட்டை அடிக்கப் போகிறீர்களா என்று. எல்லாரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் கிருபானந்தமே அதைவிட நல்ல ஜோக் ஒன்றைச் சொல்லியிருப்பார். அன்றைக்கு வரவில்லை. கூடையின் இடுக்கில் ஒரு விரலை விட்டுக்கொண்டு, சந்திரகிரி தாண்டுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பூனை அந்த விரலை முகர்ந்துகொண்டே வந்தது.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். கருவியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"புரை இல்ல சார். உள்ள நரம்பே போயிடுச்சு."

"சொட்டு மருந்து ஏதாவது?"

"ஒண்ணும் பண்றதுக்கில்ல."

இதே வார்த்தையை, இதே குரலில், எத்தனையோ வெதுருகுப்பத்துக் கிழவர்களிடமும் அவர்களுடைய மருமகள்களிடமும் கிருபானந்தம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருக்கிறார். பெஞ்சின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"வெளிய சுத்தின பூனைதானே? கஷ்டம்தான்" என்றார் டாக்டர். "வேணும்னா ஒரு ஊசி போட்டுடலாம். வலிக்காது, தூங்கிடும். இல்ல, வச்சுக்கறதுன்னா வீட்டுல எந்தச் சாமானையும் இடம் மாத்தாதீங்க. அது மனசுல ஒரு வரைபடம் போட்டுக்கும். அதுக்குக் கொஞ்ச நாளாவும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டர் வேறு ஆள்.

லோயிஸ் ஒன்றும் ஈரமில்லாதவள் அல்ல. மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளின் கோணல் தையலைப் பிரித்துவிட்டு, சாயந்தரம் வந்து வீட்டு வேலை பார்ப்பவள். பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மணி நேரம் சும்மா உட்காரலாம் என்று இருந்தவள். அந்த ஒரு மணி நேரத்தை இப்போது பூனை எடுத்துக்கொண்டது. வெளியே போக வழி தெரியாமல் அரிசி டிரம் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில், தையல் மிஷின் மிதிக்கிற இடத்தில் என்று போகிற இடமெல்லாம் ஈரம். ஒரு வாரம் வாயைத் திறக்காமல் துடைத்தாள். அப்புறம் பூனை அந்த வேலையை ஆல்டர் துணியின் மேல் செய்தது.

கோயிலில் திருவிருந்து மேஜைக்கு விரிக்கிற துணி. மூன்று மாதமாக, ராத்திரி ராத்திரியாக, திராட்சைக் கொடியும் கதிரும் போட்டு எம்பிராய்டரி செய்திருந்தாள். மடித்து மோடா மேல் வைத்திருந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கிருபானந்தம் சமாளித்திருப்பார். துணியை வாளியில் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

"இருவத்தஞ்சு வருஷமா தொடச்சிக்கினே இருக்கேங்க. உங்க அம்மாவுக்குத் தொடச்சேன். பிள்ளைங்களுக்குத் தொடச்சேன். இனிமே என்னால ஆவாது."

"நான் தொடைக்கிறேன் லோயிஸ்."

"நீங்க தொடச்ச எடத்த நான் மறுபடியும் தொடைக்கணும்." அது உண்மைதான். "ரெண்டாவது சனிக்கிழமை நம்ம வீட்டுல ஜெபக்கூட்டம். அது வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள அது தானா வெளிய போய், மண்ணுல போய்ட்டு, தானா வரணும். இல்லன்னா அந்த டாக்டர் சொன்னதுதான். எங்க அண்ணன் அதுக்கு அடுத்த திங்கக்கிழமை பேரனப் பாக்கத் திருப்பதி போறாராம். கூடையக் குடுத்து அனுப்பிடலாம். உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும். அவரு செஞ்சிடுவாரு."

இருபத்து மூன்று நாள் இருந்தது.

கிருபானந்தத்துக்கு இந்த வித்தை புதிதல்ல. புரை எடுத்த நோயாளிகளுக்கு அந்தக் காலத்தில் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள் கணக்கில் படுக்க வைப்பார்கள். அதன் பிறகு அவர்களை எழுப்பி, நடக்கவிட்டு, கக்கூஸ் வரைக்கும் கூட்டிப் போவது அவர் வேலை. தொடுவதற்கு முன்னால் பேச வேண்டும். தூக்கினால், தூக்கிய இடத்திலேயே திரும்ப விட வேண்டும். எத்தனை எட்டு, எந்தப் பக்கம் சுவர் என்று தினமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். எத்தனையோ ஆயிரம் பேரைப் பழக்கிவிட்டவருக்கு ஒரு பூனை எம்மாத்திரம் என்று நினைத்தார்.

சமையலறைக் கதவிலிருந்து முற்றத்தைக் கடந்தால் முருங்கை மரத்தடியில் ஆற்று மணல் குவியல் ஒன்று உண்டு. அதுதான் கலெக்டரின் பழைய இடம். கதவிலிருந்து மணல் வரைக்கும் சாக்கை அறுத்து, தைத்து, ஒரு நீளப் பாதை விரித்தார். கால் சாக்கில் பட்டால் சரியான வழி, தரையில் பட்டால் தப்பான வழி. அவர் தைத்ததை லோயிஸ் எட்ட நின்று பார்த்தாள். பள்ளியில் எந்தப் பிள்ளையையும் அவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

பூனையைச் சாக்கின் மேல் விட்டார். அது உட்கார்ந்துகொண்டது.

மறுநாளும் உட்கார்ந்துகொண்டது. கருவாட்டுத் துண்டைக் காட்டி நாலு எட்டு நடத்தினால் ஆட்டுக்கல் பக்கத்தில் வந்ததும் நின்று கத்தியது. அங்கே என்ன கோளாறு என்று அவருக்குப் புரியவில்லை. ஒருநாள் காலை, வார்டிலிருந்து கொண்டுவந்த பேண்டேஜ் துணியால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு, நாலு காலில் அந்தப் பாதையில் ஊர்ந்து பார்த்தார். ஆட்டுக்கல் பக்கத்தில் கை வைத்ததும் விளங்கிவிட்டது. சாக்கின் ஓரம் சுருண்டு மேடாக நின்றது. அந்த இடத்தில் சாக்கடை நாற்றம் வேறு முகத்தில் அடித்தது. கண் இல்லாதவனுக்கு அது மலை முகடு மாதிரிதான் இருக்கும். இன்னும் முன்னால் போனார். சாக்கு ஒரு முழம் முன்னதாகவே முடிந்துபோய், கை வெறுந்தரையில் விழுந்தது. அளவெடுத்தது தானா, வேறு எவனாவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே குரல் கேட்டது.

"இன்னா சார், உனுக்கும் பூட்ச்சா?"

கங்கம்மா பால் செம்போடு நின்றிருந்தாள்.

"வழி பாக்கறேன் கங்கம்மா."

"கண்ணக் கட்டிக்கினு வழி பாக்குற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன். அம்மா! இங்க வந்து உங்க ஊட்டுக்காரர எழுப்பி வுடும்மா, பாலு ஊத்தணும்!"

லோயிஸ் வந்து, ஒரு கையால் பாலை வாங்கி, மறு கையால் அவரைத் தூக்கிவிட்டாள். இரண்டும் ஒரே மாதிரி வேலை என்பது போல.

சாக்கை நீட்டினார். சுருண்ட ஓரத்தைக் கீழே மடித்துத் தைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பூனை நடக்க ஆரம்பித்தது. ஆனால் வெளியே வந்ததுமே காக்கைக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருஷமாகத் தங்களை மிரட்டிக்கொண்டிருந்தவள் இப்போது எதையும் பார்ப்பதில்லை என்று முருங்கை மரத்துக் காக்கைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. ஒன்று தாழப் பறந்து வாலைக் கொத்திவிட்டுப் போனது. பூனை தரையோடு தரையாகப் பதுங்கி, எந்தத் திக்கில் சீறுவது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துச் சீறியது. அன்றிலிருந்து காலை ஐந்தரைக்கும், டியூட்டி முடிந்து வந்தும், கிருபானந்தம் முற்றத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு பூனைக்குப் பின்னாலேயே நடந்தார். கலெக்டருக்குக் குடை பிடிக்கிற டவாலி. ஒன்பது மணி நேரம் வார்டில் நின்ற கால், குனிந்து குனிந்து நடக்கையில் மரக்கட்டை மாதிரி ஆனது. சாப்பிடும்போதே தூங்கி விழுந்தார். ஒருநாள் வார்டில், கண்ணில் சொட்டு விட வேண்டிய ஆளிடம், "பயப்படாத, இன்னும் மூணு எட்டுதான், மண்ணு வந்துடும்" என்றார்.

மூன்றாம் வாரத்தில் பூனை பாதி வழி தானாகவே போயிற்று. முருங்கைக்குப் பக்கத்தில் போனதும் நின்று, முன்காலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். மணல் பக்கத்திலிருந்து கிருபானந்தம் லேசாக இருமுவார். அந்த இருமலைப் பிடித்துக்கொண்டு மீதி வழியும் போய்விடும். திரும்பும்போது அவர் முன்னால் ஓடிவந்து கதவருகே நின்று இருமுவார்.

"இன்னிக்குத் தானாவே போய்ட்டு வந்துடுச்சு லோயிஸ்" என்றார் ஒருநாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

"அப்ப ரெண்டு தடவ இருமினது யாரு?"

"புழுதி."

"ஏங்க," என்றாள் லோயிஸ், காய் நறுக்குவதை நிறுத்தாமல். "நீங்க வார்டுக்குப் போனப்புறம் யாரு இருமுவாங்க? நீங்க இல்லாத அன்னிக்கு அது எங்க போவும்?"

அது எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும். டிரம் பக்கத்தில்தான். காலை ஒன்பதுக்கும் சாயந்தரம் ஆறுக்கும் நடுவில் அது அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அவர் வந்ததும் முதல் வேலையாக, லோயிஸுக்கு முன்னால், தெரியாமல் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தை அவளும், அவருக்குத் தெரியாமல், மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை வந்தது. சபையில் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து நடக்கிற ஜெபக்கூட்டம். இருபத்தைந்து முப்பது பேர் வருவார்கள். ஒரு வீட்டில் கூட்டம் என்றால் அந்த வீட்டில் ஒரு சாமானும் தன் இடத்தில் இருக்காது. கட்டில், மேஜை, மிஷின் எல்லாம் வெளியேறும். கோயிலிலிருந்து ஜமுக்காளம் வந்து இறங்கும். கிருபானந்தம் லீவு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கோடையில்தான் வயல் வேலை ஓய்ந்து கிழவர்கள் கண் காட்ட வருவார்கள். சாமான்களை எப்படியும் நகர்த்துவார்கள், முற்றத்துச் சாக்கை மட்டும் தொடாமலிருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே போனார். நினைத்தாரே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிக்கொண்டு திருப்தியாகிவிடுவது அவர் வழக்கம்.

சாயந்தரம் ஒரு மணி நேரம் முன்னதாக, ஐந்து மணிக்கே வந்து பார்த்தால் முற்றம் கண்ணாடி மாதிரி இருந்தது. லோயிஸின் அண்ணன் அசரியா மத்தியான பஸ்ஸிலேயே கங்காதர நெல்லூரிலிருந்து வந்துவிட்டிருந்தார். ரிட்டயரான ஹெட்மாஸ்டர். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மணி நேரத்தில் அதைப் பள்ளிக்கூடம் ஆக்கிவிடுவார்.

"வாங்க மாப்ளே! ஜெபக்கூட்டத்துக்கு வர்றவங்க வீட்டு முன்னால கிழிஞ்ச சாக்கத் தாண்டி வர்றதா? இது வீடா, மார்க்கெட் மண்டியா? எல்லாத்தையும் சுருட்டி மாட்டுக்காரனுக்குக் குடுத்துட்டேன். ஃபினாயில் போட்டுக் கழுவி விட்டாச்சு."

"மணல்?"

"மணலுக்கு மேலதான் ஜமுக்காளம் போட்டிருக்கேன். மெத்து மெத்துன்னு இருக்கு. பாஸ்டர் ஐயாவுக்கு அந்த எடம்."

கிருபானந்தம் சமையலறையை எட்டிப் பார்த்தார். அரிசி டிரம் மூலையில் இல்லை. லோயிஸ் வியர்த்து வழிய, டீக்கு அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கலெக்டர் எங்க?"

"பின் ரூம்ல வச்சு சாத்தியிருக்கேன். காலையிலேர்ந்து எதுவும் போகல." நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். "அண்ணன் சாக்கச் சுருட்டினது எனக்குத் தெரியாதுங்க. நான் கோயிலுக்கு ஜமுக்காளம் வாங்கப் போயிருந்தேன்."

"பரவால்ல" என்றார் அவர். பரவாயில்லைதான். எப்படியும் திங்கட்கிழமை கூடை போகும். இருபத்து மூன்று நாள் குடை பிடித்ததில் கழுத்து வலி மட்டும் மிச்சம். சட்டையை மாற்றிக்கொண்டு போய், வந்தவர்களுக்குத் தோத்திரம் சொன்னார்.

பாஸ்டர் ஐயா வரவில்லை. ஏதோ கல்யாணப் பேச்சுக்காகக் குடியாத்தம் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னான். ஆகவே முற்றத்தில், மணல் மேலிருந்த பாஸ்டரின் இடத்தில் அசரியாவே உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. சாட்சி முடிந்தது. "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் அசரியா.

அசரியாவின் ஜெபம் சபையில் பிரசித்தம். நாட்டை ஆள்கிறவர்களில் ஆரம்பித்து, மழைக்கு வந்து, பங்காருபாளையத்து மாந்தோப்புக்கு வந்து, பரீட்சை எழுதியவர்களைப் பேர் பேராகச் சொல்லி, வியாதியஸ்தர்களுக்கு வந்து சேர அரை மணி நேரம் பிடிக்கும். இருபத்தெட்டுப் பேரும் கண்ணை மூடி, தலையைக் குனிந்திருந்தார்கள். கிருபானந்தத்தால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் தூங்கிவிடுவார். தூங்கினால் குறட்டை விடுவார். போன வருஷம் அப்படி ஒரு அவமானம் நடந்திருந்தது. ஆகவே கண்ணைப் பாதி திறந்து, எதிரே தெரிந்த தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபம் மழைக்கு வந்த நேரத்தில், சமையலறைக் கதவின் இடுக்கில் ஒரு வெள்ளை மூக்கு தெரிந்தது.

டீத் தூள் எடுக்க யாரோ பின் ரூமைத் திறந்திருக்க வேண்டும். பூனை வெளியே வந்தது. முன்காலை வைத்தது. சாக்கு இல்லை. காலை எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. முகர்ந்தது. ஃபினாயில். தலையை இரண்டு பக்கமும் ஆட்டியது. அதற்குத் தெரிந்த உலகத்தை யாரோ துடைத்து எடுத்துப் போயிருந்தார்கள். கிருபானந்தத்துக்கு எழுந்து ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும் போலிருந்தது. நடுவில் இருபத்தெட்டுப் பேர். தொண்டையைக் கனைத்தாலாவது போதும். ஆனால் அவர் மணல் பக்கத்தில் இல்லை, எதிர் மூலையில் இருந்தார். இங்கிருந்து இருமினால் பூனை இங்கேதான் வரும், ஜனங்களின் மடிக்கு. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பூனை நடந்தது. ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஒரு பக்கத்துக் காலை வைத்து, மறு பக்கத்துக் காலைத் தரையில் வைத்து, ஓரத்தையே பிடித்துக்கொண்டு நடந்தது. மீசை ஒரு முழங்காலில் பட்டதும் நின்று, சுற்றிக்கொண்டு போனது. அடுத்த முழங்கால். அடுத்தது. "இருளில் இருக்கிறவர்களை நினைத்தருளும்" என்று அசரியா பரலோகத்துக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். இருளில் இருப்பவள் அவர் இடுப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். முருங்கைக்கு அருகில் வந்ததும் வழக்கம் போல நின்றது. முன்காலைத் தூக்கியது. காத்திருந்தது.

யாரும் இருமவில்லை.

பூனை காதை ஒருமுறை திருப்பியது. பிறகு, தனக்குள் ஏதோ எண்ணிப் பார்த்தது மாதிரி, நாலு எட்டு வைத்தது. நின்று, ஜமுக்காளத்தைப் பிறாண்ட ஆரம்பித்தது. சரியாக மணலுக்கு நேர் மேலே. அசரியாவின் வலது பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி. பிறாண்டியது. கீழே மணல் இருப்பது அதற்குத் தெரிகிறது, நகத்துக்கு வர மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து அடக்கி வைத்த அவசரத்தில் வேகமாகப் பிறாண்டியது. இன்னும் அரை நிமிஷத்தில் கோயில் ஜமுக்காளத்தின் மேலேயே குந்தப் போகிறது. சபையே பார்க்கும். திங்கட்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

அப்போதுதான் இன்னொரு ஜோடிக் கண்கள் திறந்திருப்பதை அவர் பார்த்தார். கதவருகே, டீத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு லோயிஸ் நின்றிருந்தாள். ஜெப நேரத்தில் கண் திறக்கிற பிள்ளைகளை இருபது வருஷமாக ஸ்கேலால் அடித்தவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பூனை வந்த வழியைப் பார்த்தாள். அது பிறாண்டுகிற இடத்தைப் பார்த்தாள். கிருபானந்தத்தைப் பார்த்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தட்டை ஓசையில்லாமல் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆட்களைச் சுற்றி வந்தாள். குனிந்து, ஜமுக்காளத்தின் மூலையைப் பிடித்து, அண்ணன் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் மெல்ல மடித்துத் தூக்கினாள். மணல் தெரிந்தது. பூனை ஒருமுறை முகர்ந்துவிட்டு மணலில் இறங்கியது.

லோயிஸ் அங்கிருந்து நகரவில்லை. யாராவது கண் திறந்தால் தெரியாதபடிக்கு, முந்தானையை விரித்துப் பூனைக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அசரியா அப்போது பரீட்சை எழுதியவர்களின் பட்டியலில் பாதியில் இருந்தார். பூனை சாவகாசமாகக் காரியத்தை முடித்தது. மூடியது. திருப்தியில்லாமல் இன்னொரு முறை மூடியது. அப்புறம் திரும்பி நடந்தது. ஓரத்தைத் தவறவிட்டு அசரியாவின் முழங்காலில் முட்டியது. யார் வீட்டுக் குழந்தையோ என்று அவர், கண்ணைத் திறக்காமலே, அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, "சிறு பிள்ளைகளையும் ஆசீர்வதியும்" என்று சேர்த்துக்கொண்டார். பூனை அவரை ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தைக் கண்டுபிடித்து, இரண்டு இடத்தில் நின்று யோசித்து, சமையலறைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஆமென் என்று எல்லாரும் சொன்னபோது கிருபானந்தத்தின் ஆமென் கொஞ்சம் பலமாக விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஜனங்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அசரியா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பூனை விஷயம் என்னம்மா ஆச்சு? கூடையக் குடு, இப்பவே எடுத்துக்கினு போறேன். திங்கக்கிழமை மொத பஸ்ஸு."

லோயிஸ் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "இல்லண்ணா. அது எங்கியும் வரல."

"நீதானே சொன்ன, வீடெல்லாம் நாசம் பண்ணுதுன்னு?"

"ஆமா, சொன்னேன். பண்ணுது. இன்னும் பண்ணும்." ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க மாட்டுக்காரங்கிட்டக் குடுத்த சாக்க வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."

"கிழிஞ்ச சாக்கா? எதுக்கு?"

"நான் தச்சுக்குறேன். இவரு தச்சது ஒண்ணும் சரியில்ல."

அசரியா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கிருபானந்தம் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போலக் கையை விரித்தார். ஹெட்மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டுக்காரன் வீட்டுப் பக்கம் போனார்.

கட்டில், மேஜை, மிஷின், டிரம் எல்லாம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் கிடந்தன. ஒவ்வொன்றையும் அங்குலம் பிசகாமல் பழைய இடத்தில் வைத்தாக வேண்டும். இரண்டு பேரும் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். யாருக்கும் எழுந்திருக்க மனமில்லை. சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அண்டாவில் மீந்திருந்த ஆறின டீயை லோயிஸ் இரண்டு தம்ளரில் ஊற்றினாள்.

கிருபானந்தத்துக்கு நன்றியாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யோசித்து யோசித்துப் பார்த்தார். வந்ததெல்லாம் ஜோக்காகவே வந்தது. "கண்ணத் தொறந்து ஜெபம் பண்ணினா கேக்கப்படுமா லோயிஸ்?" என்றார் கடைசியில்.

அவள் தலையைச் சுவரில் சாய்த்து, தம்ளரைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். அவர் அந்தத் தம்ளரை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். உள்ளே எதுவோ உருண்டது. கலெக்டர் டிரம்மைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, டிரம்மைத் தூக்கி வரப் போனார்.